பழைய ரெக்கார்டு பிளேயரைப் பழுது பார்க்கலாமா?

பரணிலிருந்து இறக்கிய ரெக்கார்டு பிளேயர். தட்டு சுழல்கிறது, பாட்டும் கேட்கிறது. ஆனால் பாடகியின் குரல் கனத்து இழுபடுகிறது. "பழைய சாமான் கடையில் போட்டுவிடலாம்" என்கிறார் வீட்டில் ஒருவர். "எவ்வளவு செலவானாலும் சரிசெய்ய வேண்டும்" என்கிறார் மற்றவர். மாணவர்களே, கோளாறு எங்கே என்று தெரியாமல் இருவரில் யார் சொல்வது சரி என்று கூற முடியாது. அதைக் கண்டறிய ஒரு கடிகாரம் போதும்.

நீண்ட நேரம் பாடும் இசைத்தட்டு நிமிடத்துக்கு 33⅓ சுற்று சுற்றவேண்டும். அதாவது 3 நிமிடத்தில் சரியாக 100 சுற்று. சுழல்தட்டின் விளிம்பில் சிறு காகிதத் துண்டு ஒன்றை ஒட்டி, கீறல் விழுந்து வீணான இசைத்தட்டின்மேல் ஊசியை வைத்து எண்ணுங்கள். 180 வினாடியானால் வேகம் சரி. 190 வினாடியானால் வேகம் சுமார் 5 விழுக்காடு குறைவு. பாட்டின் சுருதி ஏறக்குறைய ஒரு சுரஸ்தானம் இறங்கியிருக்கும்.

சரி, 216 வினாடி ஆகிறது என்றால்? அது அமெரிக்காவிலிருந்து வந்த பிளேயரா என்று கேளுங்கள்! அங்கே மின்சாரத்தின் அதிர்வெண் 60 ஹெர்ட்ஸ். நம் நாட்டில் 50. இவ்வகைப் பிளேயர்கள் பலவற்றில் மோட்டாரின் வேகம் அதிர்வெண்ணைப் பின்பற்றும். ஆகவே 5/6 பங்கு வேகமே கிடைக்கிறது. மின்னழுத்தத்தைக் குறைக்கும் டிரான்ஸ்பார்மர் அதிர்வெண்ணை மாற்றாது. மோட்டார் தண்டிலுள்ள சிறு கப்பியை 6/5 மடங்கு பருமனுள்ளதாக மாற்றினால் போதும்.

இனி, வேகம் நிலையாக இல்லாமல் குரல் அலைகிறது என்று வைத்துக்கொள்வோம். அலைவின் காலத்தை அளந்தால் குற்றவாளி அகப்படுவான். 1.8 வினாடிக்கு ஒரு முறை என்றால் அது தட்டின் ஒரு சுற்று நேரம். வேறு இசைத்தட்டை வைத்துப் பாருங்கள். அலைவு மறைந்தால் முதல் இசைத்தட்டின் துளைதான் மையம் விலகியிருக்கிறது. 10 செ.மீ. ஆரத்தில் 1 மி.மீ. விலகினாலே வேகம் 1 விழுக்காடு கூடிக் குறையும். பிளேயரின்மேல் பழி போடவேண்டாம்.

அலைவு இதைவிட விரைவாக இருந்தால் ரப்பர் சக்கரத்தைச் சந்தேகியுங்கள். 1950-களில் இங்கிலாந்தின் ஸ்விண்டன் நகரில் உருவான புகழ்பெற்ற காரார்டு 301-லும், எளிய பெட்டிகள் பலவற்றிலும், மோட்டாரின் சுழற்சியைத் தட்டின் உள்விளிம்புக்குக் கொண்டு செல்வது இச்சக்கரமே. ஆண்டுக்கணக்கில் மோட்டார் தண்டோடு அழுந்திக் கிடந்தால் ரப்பரில் ஓரிடம் பள்ளமாகிவிடும். சக்கரத்தின் விட்டம் உள்விளிம்பின் விட்டத்தில் ஐந்தில் ஒரு பங்கானால், தட்டு ஒரு முறை சுற்றுவதற்குள் பள்ளம் ஐந்து முறை இடிக்கும், அதாவது 0.36 வினாடிக்கு ஒரு முறை.

ரப்பர் சக்கரம், உலர்ந்த எண்ணெய், தளர்ந்த பட்டை, இவை சிறு செலவில் தீரும். தயங்காமல் பழுது பார்க்கலாம். மையத் தண்டு தேய்ந்து தட்டு ஆடினாலோ, மோட்டாரின் சுருள் கருகியிருந்தாலோ கதை வேறு. அதே வகைப் பெட்டி இன்னொன்று கிடைத்து, அதிலிருந்து உறுப்பைக் கழற்ற முடிந்தாலன்றி, காசைக் கொட்டவேண்டாம் என்பேன். உள்ளே திறக்கும் வேலையை, மின் இணைப்பை எடுத்தபின், விவரம் தெரிந்த பெரியவரிடம் விடுங்கள்.

எந்த முடிவானாலும், ஊசிமுனையை உருப்பெருக்கியில் பார்க்காமல் நல்ல இசைத்தட்டை வைக்காதீர்கள். தேய்ந்த முனையில் கூரான ஓரங்கள் உண்டாகும். அவை பள்ளத்தின் சுவரைச் செதுக்கிவிடும். பிளேயருக்கு மாற்று ஊசி கிடைக்கும். செதுக்கப்பட்ட பாட்டு திரும்பாது.