எந்த ஊர் கேலன்?

சித்தூரிலிருந்து பலமநேர் போகும் நெடுஞ்சாலையில் இருக்கிறது எங்கள் பங்காருபாளையம். 1911-இல் சித்தூர் மாவட்டம் பிரிவதற்கு முன் வட ஆற்காட்டைச் சேர்ந்திருந்த பகுதி. இன்றும் தமிழும் தெலுங்கும் கலந்தே புழங்குகின்றன. சுற்றிலும் மாந்தோப்புகள். தோத்தாபுரி என்கிற கிளிமூக்கு மாங்காய்தான் இங்கே அதிகம்.

இங்கே மருந்து அடிப்பவர்கள் பேசும் கணக்கு ஒன்றுதான்: லிட்டருக்கு இத்தனை மில்லி. அமெரிக்காவில் கொல்லைப்புறத்தில் கத்தரியும் வெண்டையும் போடும் நம் பிள்ளைகள் வாங்கும் புட்டியிலோ, கேலனுக்கு இத்தனை கரண்டி என்று அச்சிட்டிருக்கிறது. அங்கிருந்து தொலைபேசியில் யோசனை கேட்கிறார்கள், இங்கிருந்து சொல்கிறோம். நடுவில் கேலன் குழப்புகிறது.

நான் இரயில்வேயில் சேர்ந்தபோது, நீராவி எஞ்சினுக்கு ஏற்றும் தண்ணீரை மூத்தவர்கள் கேலனில்தான் சொல்வார்கள். அது இங்கிலாந்து கேலன்: 4.546 லிட்டர். நம் நாட்டில் 1956-இல் மெட்ரிக் சட்டம் வந்து, 1962-இல் கட்டாயமான பிறகும், ‘கேலன் என்றால் நாலரை லிட்டர்’ என்பது பலர் மனத்தில் நின்றுவிட்டது. அமெரிக்க கேலனோ 3.785 லிட்டர்தான்.

ஒரே பெயருக்கு ஏன் இரண்டு அளவு? இங்கிலாந்தில் ஆன் ராணி காலத்தில், 1707-இல், திராட்சை மதுவுக்கு 231 கன அங்குலம் கொண்ட கேலனைச் சட்டமாக்கினார்கள். அமெரிக்கர்கள் அதையே வைத்துக்கொண்டார்கள். 1824-இல் ஆங்கிலேயர் பத்து பவுண்டு எடையுள்ள தண்ணீர் பிடிக்கும் புதிய கேலனுக்கு மாறினார்கள். அதுதான் கப்பலேறி நம்மிடம் வந்தது.

இதனால் தோட்டத்துக்கு என்ன கெடுதல்? லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய் என்று ஊரில் சொன்னதை, நாலரை லிட்டர் கணக்கில் பெருக்கி, சுமார் 23 மில்லியை ஓர் அமெரிக்க கேலன் தண்ணீரில் கலந்தால், கரைசல் லிட்டருக்கு 6 மில்லியாகிவிடும். ஐந்தில் ஒரு பங்கு கூடுதல். கடும் வெயிலில் இளந்தளிர் கருகிப்போக இடமுண்டு. அங்குள்ள புட்டியின் கணக்கை இங்கே நாலரை லிட்டருக்குப் போட்டாலோ, மருந்து ஆறில் ஒரு பங்கு குறையும். செலவு செய்தும் பூச்சி சாகாமல் போகலாம்.

மனப்பாடம் செய்ய எளிய கணக்கு இதோ. அமெரிக்க மேசைக்கரண்டி 14.8 மில்லி, தேக்கரண்டி அதில் மூன்றில் ஒன்று. எனவே:

கேலனுக்கு 1 தேக்கரண்டி = லிட்டருக்கு 1.3 மில்லி
கேலனுக்கு 1 மேசைக்கரண்டி = லிட்டருக்கு 4 மில்லி (சரியாகச் சொன்னால் 3.9)
கேலனுக்கு 1 திரவ அவுன்ஸ், அதாவது 2 மேசைக்கரண்டி = லிட்டருக்கு 8 மில்லி (சரியாக 7.8)

10 லிட்டர் தெளிப்பானுக்கு இதைப் பத்தால் பெருக்கினால் போதும். சொட்டுநீர்க் குழாய்க்கும் இப்படியே: மணிக்கு ஒரு கேலன் என்பதை நம் 4 லிட்டர் சொட்டுவானாகவும், அரை கேலனை 2 லிட்டர் சொட்டுவானாகவும் கொள்ளலாம்.

அவுன்சிலும் ஒரு கண் வையுங்கள். திரவ அவுன்ஸ் கொள்ளளவு, 29.6 மில்லி. வெறும் அவுன்ஸ் என்றால் எடை, 28.35 கிராம். தூள் மருந்தைத் தராசில்தான் நிறுக்க வேண்டும். சமையலறைக் கரண்டியும் வேண்டாம். அவை ஒன்றுபோல் ஒன்று இருப்பதில்லை. மில்லி கோடு போட்ட குவளை ஒன்றைத் தோட்டத்துக்கென்றே தனியாக வையுங்கள்.

இதெல்லாம் சின்ன விஷயமா? 1983 ஜூலை 23 அன்று ஏர் கனடா விமானம் ஒன்று 41,000 அடி உயரத்தில் எரிபொருள் தீர்ந்து நின்றது. லிட்டரை எடையாக மாற்றும்போது, கிலோவுக்கான 0.8-க்குப் பதில் பவுண்டுக்கான 1.77-ஐப் பெருக்கியிருந்தார்கள். தேவையில் பாதிகூட நிரப்பவில்லை. விமானி கிம்லி என்ற ஊரின் பழைய ஓடுதளத்தில் சறுக்கி இறக்கியதால் 69 பேரும் பிழைத்தார்கள். பெருக்கல் சரியாகத்தான் இருந்தது; எண்ணுக்குப் பின்னால் இருந்த அலகைத்தான் யாரும் கேட்கவில்லை.

ஆகவே அடுத்த முறை ஊருக்குத் தொலைபேசியில் பேசும்போது, கேலனில் சொல்லவும் வேண்டாம், கேட்கவும் வேண்டாம். லிட்டருக்கு எத்தனை மில்லி என்றே பேசுங்கள். அந்த லிட்டர் பங்காருபாளையத்திலும் டல்லாஸிலும் ஒன்றேதான். உங்கள் தோட்டம் செழிக்கட்டும்!