பெயருக்கு யார் விலை தருவார்?

2019-இல் வாய்ஸ்.காம் என்ற இணைய முகவரி 3 கோடி டாலருக்குக் கைமாறியது. அதைப் படித்துவிட்டுத் தோன்றிய பெயரையெல்லாம் விற்பதற்காகப் பதிந்து வைப்பவர்கள் ஒன்றைக் கவனிப்பதில்லை. வாங்கிய பிளாக்.ஒன் நிறுவனம் 'வாய்ஸ்' என்றே ஒரு சமூக வலைத்தளம் தொடங்கவிருந்தது. விலை அந்தத் தேவைக்குக் கிடைத்தது. எனவே, இந்தப் பெயர் இல்லாமல் யாருடைய வியாபாரம் சிரமப்படும் என்பதே இந்தத் தொழிலுக்குப் புதியவர் கேட்க வேண்டிய முதல் கேள்வி. தானியங்கி மதிப்பீட்டுக் கருவிகள்தான் விலை சொல்கின்றனவே என்பார்கள். அவை சொல்லின் நீளம், '.காம்' போன்ற பின்னொட்டு, பழைய விற்பனைகள் என்று கணக்குப் போடும். வாங்க ஆள் உண்டா என்பது அவற்றுக்குத் தெரியாது. ஒத்த பெயர்கள் உண்மையில் என்ன விலைக்குப் போயின என்று பார்ப்பது மேல் (விற்காமல் கிடப்பவை அந்தப் பட்டியலில் வராது என்பதையும் மறக்க வேண்டாம்). பெயரைப் போனில் ஒருமுறை சொல்லிப் பாருங்கள்: "நடுவில் ஒரு கோடு, 'ஃபார்' என்பதற்கு எண் 4" என்று விளக்க வேண்டி வந்தால் மதிப்பு அங்கேயே சரியும்.

பிரபல நிறுவனத்தின் பெயரை முந்திப் பதிந்தால் லாபம்தானே? இணையப் பெயர்த் தகராறுகளுக்காக 1999 முதல் நடப்பிலுள்ள யு.டி.ஆர்.பி. விதிகளின்படி, உங்களுக்கு அந்தப் பெயரில் நியாயமான உரிமை இல்லை என்பதையும் கெட்ட எண்ணத்தில் பதிந்து பயன்படுத்துவதையும் நிரூபித்தால் வணிகச்சின்ன உரிமையாளர் உங்களுக்குக் காலணா தராமல் அதை வாங்கிக்கொள்ளலாம். விற்காத பெயருக்கும் புதுப்பிப்புக் கட்டணம் உண்டு. 10 பெயரை 5 ஆண்டு வைத்திருந்தால் 50 ஆண்டுக் கட்டணம் கட்டியாக வேண்டும்.