பதற்றமும் மூச்சும்



தில்லியிலோ கொல்கத்தாவிலோ பணி நிமித்தம் வாழும் தமிழர் ஒருவரின் இல்லத்தில் நள்ளிரவில் தொலைபேசி மணி ஒலிக்கின்றது. ஊரிலிருந்து அழைப்பு. செய்தி யாதென அறியுமுன்னரே நெஞ்சு படபடக்கின்றது, நா வறள்கின்றது, உள்ளங்கை வியர்க்கின்றது. நற்செய்தியே ஆயினும், படபடப்பு அடங்கச் சிறிது நேரம் ஆகின்றது. அறிவு தெளிந்த பின்னும் உடல் தெளியாதிருப்பது ஏன்?

நம் விருப்பத்தை எதிர்பாராமல் இதயத்தையும் குடலையும் சுரப்பிகளையும் இயக்குவது தன்னியக்க நரம்பு மண்டலம் ஆகும். அதில் பரிவு நரம்புகள் ஆபத்துக் காலத்தில் உடலை முடுக்குவன. அப்போது சிறுநீரகங்களின் மேலுள்ள அட்ரினல் சுரப்பிகள் அட்ரினலினைக் குருதியில் கலக்கின்றன, இதயத் துடிப்பு மிகுகின்றது, செரிமானம் மந்தமாகின்றது. போரிடவோ ஓடித் தப்பவோ உடல் ஆயத்தமாகும் இந்நிலையை, ஹார்வர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் வால்ட்டர் கானன் 1915ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில் விளக்கினார். துணைப்பரிவு நரம்புகளோ உடலை அமைதிக்கு மீட்பன. அவற்றுள் தலையாயது, மூளையின் அடிப்பகுதியிலிருந்து புறப்பட்டு இதயம், நுரையீரல், குடல் வரை செல்லும் வேகஸ் நரம்பு.

புலியைக் கண்டு ஓடிய ஆதி மனிதனுக்கு இவ்வேற்பாடு உயிர் காத்தது. புலி அகன்றதும் உடலும் அடங்கிற்று. நம் கவலைகளோ எளிதில் அகல்வதில்லை. வீட்டு வாடகை, மாற்றல் உத்தரவு, குழந்தைகளின் பள்ளி, ஊரில் தனித்திருக்கும் முதிய பெற்றோர் என அவை தொடர்கின்றன. உடல் ஓயாது ஆயத்த நிலையிலேயே நின்றால் உறக்கம் கெடும். இரத்த அழுத்தமும் உயரக்கூடும்.

“கவலைப்படாதே” என்று மனத்திற்குக் கட்டளையிடுவதால் பயன் சிறிதே. இதயமும் நம் ஆணைக்குக் கட்டுப்படாது. ஆனால் மூச்சு தானாகவும் நடைபெறும். நம் சொற்படியும் கேட்கும். மூச்சை உள்ளிழுக்கையில் இதயம் சற்று விரைகின்றது. வெளிவிடுகையில் வேகஸ் நரம்பின் செயலால் தணிகின்றது. ஆகவே, நான்கு விநாடி இழுத்து, ஆறு விநாடி மெல்ல வெளிவிடுக. நிமிடத்திற்கு ஆறு மூச்சாக ஐந்து நிமிடம் செய்யலாம். தலை சுற்றினால் நிறுத்திவிடுக.

தசைகள் வழியேயும் அமைதி பெறலாம். கைவிரல்களை இறுக மூடிச் சில விநாடிகளுக்குப் பின் தளர விடுக. அவ்வாறே தோள், முகம், கால் என ஒவ்வொன்றாகச் செய்க. தசைகளைப் படிப்படியாகத் தளர்த்தும் முறையை அமெரிக்க மருத்துவர் எட்மண்ட் ஜேக்கப்சன் 1929ஆம் ஆண்டு நூலாக வெளியிட்டார். நம் நாட்டிலும், சுவாமி குவலயானந்தர் 1924இல் லோனாவ்லாவில் நிறுவிய கைவல்யதாமம், யோகப் பயிற்சிகளை அறிவியல் முறையில் ஆராயத் தொடங்கியது.

இவை மருத்துவத்திற்கு மாற்றல்ல. நெஞ்சு வலி கண்டால் உடனே மருத்துவரை நாட வேண்டும். வாரக்கணக்கில் உறக்கமின்றித் தவிப்போரும், வாழ்வே கசந்தோரும் தனிமையில் துன்புற வேண்டுவதில்லை. 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் என்னும் இலவசச் சேவையை 14416 என்ற எண்ணில் அழைக்கலாம். எம்மாநிலத்தில் இருப்பினும் தமிழில் பேச விரும்புவதாகக் கூறுக. அலுவலைப் பிறமொழியில் முடித்துவிடலாம். துயரைச் சொல்லத் தாய்மொழி வேண்டுமன்றோ?