பழைய சொகுசு கார்: விலை இறங்கும், செலவு இறங்குமா?

கிள்ளானிலோ பிரிக்பீல்ட்ஸிலோ பழைய சொகுசு கார் ஒன்று புதிய மைவி விலைக்கே கிடைக்கலாம். வாங்கலாமா? முதலில் கணக்குப் போடுங்கள்.

கார் பழசானாலும் சாலை வரி குறையாது. தீபகற்ப மலேசியாவில், சொந்தப் பெயரிலுள்ள பெட்ரோல் செடானுக்கு எஞ்சின் அளவுதான் கணக்கு. 1,500 சிசிக்கு ஆண்டுக்கு 90 ரிங்கிட். 2,000 சிசிக்கு 380. 3,000 சிசிக்கோ 2,130 ரிங்கிட்! உதிரி பாகங்களும் அப்படித்தான். கார் விலை பாதியாகலாம். கியர்பாக்ஸ் விலை பாதியாகாது.

“புஸ்பாகோம் சோதனை பாஸ் ஆயிடுச்சே” என்பார் விற்பவர். பெயர் மாற்றத்துக்கான பி5 சோதனை முக்கியமாகப் பார்ப்பது எஞ்சின், சேசிஸ் எண்கள் போன்ற அடையாளங்களைத்தான். கியர்பாக்ஸ் எத்தனை நாள் தாங்கும் என்று அது சொல்லாது.

வெள்ளத்தில் மூழ்கிய காரா என்றும் பாருங்கள். 2021 டிசம்பரில் ஷா ஆலம், தாமான் ஸ்ரீ மூடாவில் ஏராளமான கார்கள் மூழ்கின. சீட் பெல்ட்டை முழுதாக இழுத்துப் பாருங்கள்; ஸ்பேர் டயர் குழியையும் பாருங்கள். சேறும் துருவும் அங்கேதான் ஒளிந்திருக்கும்.

கடைசியாக, உங்களுக்குத் தெரிந்த மெக்கானிக்கிடம் காட்டுங்கள். மாதத் தவணையோடு ஒரு பெரிய ரிப்பேரையும் சமாளிக்க முடியுமா? முடியும் என்றால் தாராளமாக வாங்குங்கள்.