மோட்டார் வண்டியின் வில்லும் தணிப்பானும்

தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் ஒரு காலத்தில் வசதியுள்ள குடும்பத்தார் ஏறிச் சென்ற மாட்டு வண்டிக்கு வில்வண்டி என்று பெயர். பாரவண்டியில் தட்டு அச்சின்மேலேயே அமர்ந்திருக்கும். சக்கரம் ஒரு கல்லின்மேல் ஏறினால், ஏறிய உயரம் முழுவதும் அமர்ந்திருப்பவரின் முதுகெலும்புக்கு வந்து சேரும். வில்வண்டியிலோ அச்சுக்கும் கூண்டுக்கும் நடுவே வளைந்த எஃகுப் பட்டைகள் அடுக்காகப் பூட்டப்பட்டிருந்தன. கைவில்லைப் போல் அவை வளைந்து நிமிர்ந்தமையால் வில் என்னும் பழஞ்சொல்லே புதுப்பொருளுக்கும் உரியதாயிற்று. ஸ்பிரிங் என்பதற்கு இதைவிடப் பொருத்தமான பெயர் அமைதல் அரிது.

அதன் துணைக் கருவிக்கு அத்தகைய நற்பேறு வாய்க்கவில்லை. ஷாக் அப்சார்பர் என்பதை மலேசியப் பட்டறைகளில் ‘அப்சோர்பர்’ எனச் சுருக்கி வழங்குவர். எழுத்தில் ‘அதிர்வு தாங்கி’ என மொழிபெயர்ப்பாரும் உளர். உண்மையில் அதிர்வைத் தாங்குவது அக்கருவியன்று, வில்லே. வில்லின் ஆட்டத்தை அடக்குவது மட்டுமே அக்கருவியின் பணி. ஆகவே தணிப்பான் என்பதே அதற்குத் தகும். இது வெறும் சொல்லாராய்ச்சி அன்று. பழைய வண்டியைச் செப்பனிட முற்படுவோர் பலர், வண்டி குலுங்கினால் ‘அதிர்வைத் தாங்கும்’ கருவியைக் கடினமானதாக மாற்றினால் போதும் என்று நம்பிப் பணத்தைச் செலவழித்து, முன்னிலும் மோசமான வண்டியோடு வீடு திரும்புகின்றனர். பெயர் செய்த பிழை அது.

செகிஞ்சான் வட்டாரம் இதனை ஆராய ஏற்ற இடம். கோலசிலாங்கூரிலிருந்து தஞ்சோங் காராங், செகிஞ்சான், சுங்கை பெசார் வழியாகச் சபா பெர்ணம் செல்லும் 5-ஆம் எண் கூட்டரசுச் சாலை, கடலோரக் களிமண் நிலத்தின்மேல் செல்கிறது. பெர்ணம் ஆற்றின் நீரைத் தெங்கி ஆற்றின் வழியே கொணர்ந்து வயலுக்குப் பாய்ச்சும் கால்வாய்கள் இப்பகுதி எங்கும் குறுக்கிடுகின்றன. இத்தகைய மென்னிலத்தில் சாலையின் மண் காலப்போக்கில் அமிழும். ஆழமான தூண்களின்மேல் நிற்கும் பாலமோ அவ்வாறு அமிழ்வதில்லை. அமிழ்ந்த சாலை பாலத்தைச் சந்திக்குமிடத்தில் ஒரு மேடு உண்டாகும். உள்நாட்டுப் பக்கம் திரும்பினாலோ நிலைமை வேறு. 1917-இல் நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் தோன்றிய தென்னமரம் உள்ளிட்ட தோட்டங்களில், செம்பனைக் குலை ஏற்றிய லோரிகள் ஓடி ஓடிச் செம்மண் பாதைகள் சலவைப் பலகை போல் வரிவரியாகிவிடும். ஒன்று நீண்ட அலை, மற்றொன்று குறும் அலை. இரண்டையும் ஒரே வண்டி ஒரே நாளில் கடக்க வேண்டியிருக்கிறது.

எடுத்துக்காட்டாக, 1974 முதல் 1993 வரை வெளிவந்த வோல்வோ 240 வரிசையின் நான்கு கதவு வண்டியைக் கொள்ளலாம். முன்புறம் சுருள்வில்லின் நடுவே தணிப்பான் அமைந்த தாங்குகால். பின்புறம் ஒற்றை அச்சு, அதன் இருபுறமும் சுருள்வில்லும் தனித் தணிப்பானும். தோட்டத்தை விட்டுக் கிள்ளானுக்கோ ஷா ஆலமுக்கோ குடிபெயர்ந்த குடும்பம் கோயில் திருவிழாவுக்காகப் பழைய தோட்டத்துக்குத் திரும்பும்போது இத்தகைய பெருவண்டியில் ஐந்து பேரும் மூட்டைமுடிச்சுகளும் ஏறுவதுண்டு. பின்புறம் தாழ்ந்துவிடும், விளக்கொளி வானத்தை நோக்கும்.

வில்லின் இயல்பை 1678-இல் இராபர்ட் ஹூக் வெளியிட்டார்: சுமை எவ்வளவோ அவ்வளவுக்கு வில் நீளும் அல்லது அமுங்கும். வாங்கிய ஆற்றலை வில் திருப்பித் தந்துவிடும். அதனாலேயே மேட்டைக் கடந்த வண்டி மேலும் கீழும் ஆடுகிறது. அந்த ஆட்டத்தின் வேகத்தைக் கணக்கிடுவது எளிது. வண்டியின் எடையால் வில் 25 செ.மீ. அமுங்குமாயின், வண்டி விநாடிக்கு ஒரு முறை ஆடும். 11 செ.மீ. மட்டுமே அமுங்கும் கடின வில்லாயின், விநாடிக்கு ஒன்றரை முறை. மனிதன் நடக்கும்போது உடல் ஏறி இறங்கும் வேகத்தைப் பெரிதும் மிஞ்சாத ஆட்டத்தையே உடல் இனிதென ஏற்கிறது. ஆகவே கடின வில் என்பது உயர்ந்த வில் என்று பொருள்படாது.

பின்வில் முன்வில்லைவிடச் சற்று விரைந்து ஆட வேண்டும் என்பது 1930-களில் அமெரிக்காவில் மோரிஸ் ஆலி ஆராய்ந்து கண்டது. மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டியின் முன்சக்கரம் பாலத்து மேட்டில் ஏறியபின், 2.65 மீட்டர் பின்னேயுள்ள சக்கரம் அங்கே வர 0.12 விநாடி ஆகிறது. பின்தங்கிய ஆட்டம் முந்தியதை எட்டிப் பிடித்தால்தான் வண்டி மட்டமாக ஏறி இறங்கும். இல்லையேல் முன்னும் பின்னும் தொட்டில்போல் ஆடும். முன்வில்லை மட்டும் கடினமாக்குவோர் இந்த ஒழுங்கைத் தம் கையாலேயே குலைக்கின்றனர்.

சுருள்வில்லில் மறைந்திருக்கும் கணக்கு வியப்புக்குரியது. அதன் விறைப்பு, கம்பித் தடிப்பின் நான்காம் படியைப் பொறுத்தது. 12 மி.மீ. கம்பிக்குப் பதில் 13 மி.மீ. கம்பி என்றால் கண்ணுக்கு வேறுபாடே தெரியாது. விறைப்போ 38 விழுக்காடு கூடிவிடும். எட்டுச் சுற்றில் இரண்டை வெட்டி வண்டியைத் தாழ்த்தும் வழக்கமும் உண்டு. எஞ்சிய ஆறு சுற்றின் விறைப்பு மூன்றில் ஒரு பங்கு கூடுகிறது. அமுங்குவதற்குரிய இடமோ குறைகிறது. வெட்டிய முனை தன் இருக்கையில் சரியாக அமர்வதுமில்லை. செய்யத்தகாத செயல் இது. சுற்றுகளுக்கிடையே ரப்பர்க் கட்டையைச் செருகுவதும் அதன் தம்பியே: அச்சுற்றுகளை வேலை செய்யவொட்டாமல் தடுத்து, மற்றச் சுற்றுகளின்மேல் சுமையை ஏற்றுகிறது.

இனித் தணிப்பான். எண்ணெய் நிரம்பிய குழாயில் சிறு துளைகளும் அடைப்பிதழ்களும் கொண்ட பிஸ்டன் ஏறி இறங்குகிறது. எண்ணெய் நெருக்குண்டு பாயும்போது ஆட்டத்தின் ஆற்றல் வெப்பமாகிறது. செம்மண் பாதையில் நெடுந்தூரம் ஓடிய வண்டியின் தணிப்பானைத் தொட்டால் சுடுவது இதனாலேயே. பள்ளிப் பாடத்தில் தடையுறு அலைவு என வருவதன் கண்கண்ட வடிவம் இது. பழைய பட்டைவில்லில் பட்டையோடு பட்டை உராய்வதே ஓரளவு தணிப்பாக அமைந்தது. சுருள்வில்லுக்கு அவ்வுதவி இல்லை, தணிப்பானே கதி.

வரிவரியான பாதையில் வரிகள் அரை மீட்டர் முதல் ஒரு மீட்டர் இடைவெளியில் இருக்குமாயின், 40 கிலோமீட்டர் வேகத்தில் சக்கரம் விநாடிக்கு 11 முதல் 22 முறை உதைபடும். சக்கரமும் அச்சும் தாமே துள்ளும் வேகமும் பெரும்பாலும் 10 முதல் 15 வரை. இரண்டும் ஒத்துப்போகும்போது சக்கரம் தரையைவிட்டு எழும்பத் தொடங்கும். எழும்பிய சக்கரத்துக்குத் தடையுமில்லை, திருப்பமுமில்லை. கால்வாயை ஒட்டிய வளைவில் இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை. சாதாரணத் தணிப்பானில் எண்ணெயும் காற்றும் கலந்து நுரைத்து, வேண்டிய வேளையில் வலுவிழக்கக்கூடும். உயரழுத்த நைட்ரஜன் வாயுவைத் தனி அறையில் அடைத்த ஒற்றைக்குழாய்த் தணிப்பானை 1950-களில் பிரெஞ்சு அறிஞர் தெ கார்பன் உருவாக்கியது இக்குறையைத் தீர்க்கவே. தோட்டப் பாதைக்கு மேம்பாடு என்று செலவழிப்பதாயின் இதற்குச் செலவழித்தல் தகும்.

ஆனால் வில்லுக்கேற்ற தணிப்பான் வேண்டும். விறைப்பு 38 விழுக்காடு கூடினால் தணிப்பு ஏறக்குறைய 17 விழுக்காடு கூட வேண்டும். புதுக் கடின வில்லுடன் தேய்ந்த தணிப்பான் சேர்ந்தால் வண்டி நிற்காமல் ஆடும். மெல்லிய வில்லுடன் மிகக் கடினத் தணிப்பான் சேர்ந்தாலோ, அடுத்தடுத்த வரிகளில் அமுங்கிய வில் நிமிர நேரமின்றி, வண்டி படிப்படியாகத் தாழ்ந்து முட்டுரப்பரில் மோதும். வண்டி மூலையை அமுக்கிவிட்டுப் பார்க்கும் சோதனை முற்றிலும் தேய்ந்ததை மட்டுமே காட்டும். எண்ணெய்க் கசிவும், டயரில் திட்டுத்திட்டான தேய்வும் நம்பத்தக்க சான்றுகள்.

ஆகவே இத்தகைய பழைய வண்டிக்கு முதல் வேலை, சக்கர நடுவிலிருந்து மட்கார்டு விளிம்புவரை நான்கு மூலைகளிலும் அளந்து குறித்தல். தாழ்ந்திருந்தால் ஆலை அளவிலான புது வில். எப்போதும் சுமை ஏறும் வண்டியாயின் பின்புறம் மட்டும் ஒரு படி விறைப்பானது. தணிப்பானை ஓர் அச்சுக்கு இரண்டாகவே மாற்ற வேண்டும். மேல்தாங்கியும் முட்டுரப்பரும் உடன் மாறவேண்டியவை. முன்தாங்குகாலைப் பிரிக்கும் வேலை, உரிய அமுக்குகருவியும் பழகிய கையும் உள்ள பட்டறைக்கே உரியது. அமுக்கிய சுருள்வில் நழுவினால் ஆளைக் கொல்லும். பின்கைகளின் ரப்பர்ப் புதைகளை வண்டி தன் காலில் நிற்கும்போதுதான் இறுக்க வேண்டும். தொங்கும் நிலையில் இறுக்கினால் அவை முறுக்குண்டு விரைவில் கிழியும். சில நூறு கிலோமீட்டர் ஓடியபின் புதுவில் சற்றே படியும். அப்போது நான்கு மூலைகளையும் மீண்டும் அளந்து, சக்கரக் கோணங்களைச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும்.