பிரசவம் பார்ப்பவளுக்கும் ஒரு பிள்ளை உண்டு

போன மாதம் ஒரு நாள் விடியற்காலையில் வாசல் தெளித்துக் கோலம் போட்டுக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டு மருமகள் இரவு டியூட்டி முடிந்து வந்தாள். எங்கள் அரக்கோணத்தை அடுத்த ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒப்பந்த நர்ஸ் அவள்.

"ராத்திரி ரெண்டு பேருக்கு வலி வந்துடுச்சுக்கா. ரெண்டும் சுகப்பிரசவம்" என்றாள். உள்ளே அவளுடைய பத்து மாதக் குழந்தை வீறிட்டு அழுதது. மாமியாருக்கோ முழங்கால் வலி.

"வேலையை விட்டுடலாம்னு இருக்கேன்க்கா. பாதி நாள் வேலைன்னு இருந்தா விடவே மாட்டேன்."

எனக்குச் சுருக்கென்றது. எட்டு வருடம் பிரசவம் பார்த்த கை! உதிரப்போக்கு மிஞ்சுகிறதா என்று ஒரு பார்வையில் கண்டுகொள்ளும் கண்! அது வீட்டோடு முடங்கினால் நஷ்டம் யாருக்கு, சகோதரிகளே?

என் பாட்டி காலத்தில் மருத்துவச்சி வீடு தேடி வந்தாள். இன்று நாம் மருத்துவமனைக்குப் போகிறோம். 2019-21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 99 சதவீதத்துக்கு மேற்பட்ட பிரசவங்கள் மருத்துவமனையில்தான். ஆரம்ப சுகாதார நிலையங்களில் மூன்று நர்சுகள் முறை வைத்து 24 மணி நேரமும் பிரசவம் பார்க்கும் ஏற்பாடு இதற்கு ஒரு முக்கியக் காரணம்.

மளிகைக் கணக்கு எழுதுகிற கை சும்மா இருக்குமா? இதையும் போட்டுப் பார்த்தேன். வாரத்துக்கு 168 மணி நேரம். ஒருத்தி நாளுக்கு எட்டு மணி வீதம் ஆறு நாள் பார்த்தால் 48. மூவருக்கும் 144. மிச்சம் 24 மணி நேரம் யார் தலையில்? அந்த மூவர் தலையில்தான். ஒருத்தி லீவு போட்டாலோ, மற்ற இருவருக்கும் பன்னிரண்டு மணி நேர டியூட்டி!

நாலாவதாக, வாரம் மூன்று நாள் மட்டும் வேலை பார்க்கும் நர்ஸ் ஒருத்தி இருந்தால்? அவளுடைய 24 மணி நேரம் இந்த ஓட்டையைச் சரியாக அடைத்துவிடும். கைக்குழந்தைக்காரிக்கும் வேலை நிலைக்கும்.

இங்கிலாந்தில் குழந்தை பெற்ற மருத்துவச்சிகள் வாரத்தில் சில நாள் மட்டும் வேலை பார்ப்பது சகஜம். உலகம் முழுவதும் ஒன்பது லட்சம் மருத்துவச்சிகள் பற்றாக்குறை என்று 2021-ல் ஐ.நா. அறிக்கை சொன்னது. இருப்பவர்களைத் தக்கவைத்துக் கொள்வதுதானே புத்திசாலித்தனம்?

ஆனால் பாதி நேரம் என்ற பெயரில் பாதி உரிமை கொடுத்துவிடக் கூடாது. 2015-ல் பரீட்சை எழுதி வந்த நர்சுகளுக்கு மாதம் 7,700 ரூபாய்தான் தந்தார்கள். பணி நிரந்தரம் கேட்டு 2017 நவம்பரில் சென்னையில் அவர்கள் போராடினார்கள். நிரந்தர அரசுப் பெண் ஊழியருக்கு 2021 முதல் பேறுகால விடுப்பு 12 மாதம். ஊருக்கெல்லாம் பிரசவம் பார்க்கும் ஒப்பந்த நர்சுகளோ தங்கள் பிரசவ விடுப்புக்காக உயர் நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது! ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தாலும் பேறுகாலச் சட்டம் அவர்களுக்கும் பொருந்தும் என்று 2025-ல் தீர்ப்பு வந்தது.

பாதி நேரத்தில் சிரமமும் உண்டு. ஒருத்தி விட்ட இடத்தில் இன்னொருத்தி தொடர வேண்டும். தாயின் ரத்த அழுத்தம், வலி தொடங்கிய நேரம் எல்லாம் எழுதி, நேரில் சொல்லி ஒப்படைக்க வேண்டும். சம்பளமும் குறையும். அதனால் இது கேட்பவர்களுக்கு மட்டும், அதுவும் பிள்ளை வளரும்வரை என்றிருந்தால் போதும்.

அரசாங்கம் செய்கிறபோது செய்யட்டும். நாம் செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. இரவு டியூட்டி முடிந்து அவள் வரும் நாட்களில் குழந்தை மதியம்வரை என் வீட்டில்தான். ராகிக் கூழ் குடித்துவிட்டு என் மடியிலேயே தூங்கிவிடுகிறான். அங்கே அவன் அம்மாவும் தூங்குகிறாள்.

வேலையை விடும் பேச்சை அவள் இப்போது எடுப்பதில்லை. உங்கள் தெருவிலும் ஒரு நர்ஸ் இருப்பாள். விசாரித்துப் பாருங்களேன்!