கூட்டாளி ‘டபுள்’ சொன்னால் மௌனம் வேண்டாம்!

சீட்டுக்கட்டு என்றதும் முகம் சுளிக்கும் தாய்மார்கள் பொறுத்தருள வேண்டும். சம்பள நாளில் வீட்டைக் கலங்க வைக்கும் காசாட்டத்தைப் பற்றி நான் எழுதவில்லை. இது பிரிட்ஜ். துரைமார் கிளப்பில் நம்மவர் தட்டேந்தி நின்று பார்த்த ஆட்டம். 2018-இல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டுப் போட்டியில் முதன்முறையாக இது இடம்பெற்றது. கல்கத்தாவின் பிரணாப் பர்தன் (வயது 60), ஷிப்நாத் சர்க்கார் (56) ஜோடி தங்கம் வென்றது. பீடோங் பக்கம் துருப்புச் சீட்டு ஆடத் தெரிந்தவர்களுக்கு இது எளிதில் பிடிபடும்.

நால்வர், ஆளுக்கு 13 சீட்டு, எதிரே இருப்பவர் உங்கள் கூட்டாளி. ஏஸ் 4 புள்ளி, ராஜா 3, ராணி 2, ஜாக்கி 1. முதலில் ஏலம்.

இடப்பக்க எதிராளி ‘ஒரு ஆர்ட்டின்’ என்கிறார்; அதாவது ஆர்ட்டின் துருப்பில் ஏழு பிடி எடுப்பாராம். உங்கள் கூட்டாளி ‘டபுள்’ என்கிறார். வலப்பக்கத்தார் ‘பாஸ்’. இந்த டபுள் தண்டனை அன்று, வேண்டுகோள். “என்னிடம் நல்ல சீட்டு உண்டு, ஆர்ட்டின் குறைவு, மற்ற மூன்றில் உனக்கு எது நீளம்?” என்று அவர் கேட்கிறார்.

உங்கள் கையைப் பாருங்கள்: ஸ்பேட் 9, 7, 5, 3, ஆர்ட்டின் 8, 6, 4, டைமன் 7, 5, 2, கிளாவர் 6, 4, 2. ஒரு புள்ளிகூட இல்லை. ‘நமக்கென்ன பேச்சு’ என்று பாஸ் சொல்லத்தான் வாய் வரும். அதுதான் ஆபத்து! எதிராளியும் பாஸ் சொல்லிவிட்டால் ஏலம் அங்கேயே முடியும். அவர் ஏழு பிடி எடுத்தால் 80 கிடைக்க வேண்டிய இடத்தில் 160. அதற்கு மேல் ஒவ்வொரு பிடிக்கும் குறைந்தது இன்னொரு 100. கை வெறுமையாக இருக்க இருக்க அவருக்குத்தான் கொண்டாட்டம். ஆகவே ‘ஒரு ஸ்பேட்’ என்று சொல்லியே ஆக வேண்டும். கூட்டாளி ஏமாற மாட்டார். இப்படித் தாழ்வாகச் சொன்னால் 0 முதல் 8 புள்ளி வரைதான் என்பது அவருக்குத் தெரியும்.

9 முதல் 11 வரை இருந்தால் ஒரு படி தாண்டி ‘இரண்டு ஸ்பேட்’. 12-க்கு மேல் என்றால் எதிராளியின் ஆர்ட்டினையே ‘இரண்டு ஆர்ட்டின்’ என்று சொல்லிப் பலத்தைக் காட்டுவார்கள். கிளாவர் ஐந்து, ஸ்பேட் நான்கு என்றாலும் பெரும்பாலும் ஸ்பேட்டே மேல். கணக்கில் அதற்கு மதிப்பு அதிகம்.

வலப்பக்கத்தார் பாஸ் சொல்லாமல் ஏதாவது கேட்டுவிட்டால் உங்கள் கடமை தீர்ந்தது. வெறுங்கையோடு தாராளமாகப் பாஸ் சொல்லலாம். மற்றபடி பாஸ் சொல்ல, ஆர்ட்டினில் ராஜா, ராணி, ஜாக்கி, பத்து என்று ஐந்தாறு சீட்டாவது உங்களிடமே குவிந்திருக்க வேண்டும்.